இலை நோட்டும் பென்ஷன் கணக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் கோத்தகிரி டீக்கடையில் சுவீடன் மாதிரி வெளிநாடுகளில் இருக்கிற 'நோஷனல்' பென்ஷனைப் பற்றிப் பேச்சு வந்தது. கணக்கில் பணமே இருக்காதாம், வெறும் எழுத்துதானாம், இது சுத்த ஏமாற்று என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நம் சிறு விவசாயிகள் வீட்டில் இலை நோட்டு இருக்கிறது இல்லையா, நாம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போட்ட பச்சை இலை மறுநாளே தூளாகிவிடும், நோட்டில் மிஞ்சுவது கிலோ மட்டும்தான், ஆனாலும் ஏல விலையை ஒட்டி நிர்ணயிக்கிற விலையில் அந்தக் கிலோவுக்குப் பணம் தந்தாக வேண்டும். சுவீடன் கணக்கும் இதே மாதிரிதான். பென்ஷனுக்குக் கணக்காகும் வருமானத்தில் 18.5 சதவீதம் பிடிக்கிறார்கள். 2.5 சதவீதம் நிஜமாகவே முதலீடாகிறது. மீதி 16 சதவீதம் இன்றைய முதியவர்களுக்குப் பென்ஷனாகப் போகிறது, ஆனால் கட்டியவர் பேரில் வரவு ஏறி, நாட்டின் சராசரி வருமானம் உயர உயர அதுவும் வளர்கிறது. ஓய்வு பெறும்போது அந்த வயதுக்காரர்கள் இன்னும் சராசரியாக எத்தனை வருஷம் இருப்பார்கள் என்று பார்த்து, சேர்ந்த வரவை அதற்கேற்ப வகுத்துப் பென்ஷனாகத் தருகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. தள்ளி ஓய்வு பெற்றால் பென்ஷன் கூடும். குழந்தை வளர்த்த வருஷங்களுக்கு அரசே பங்கு கட்டுகிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

குறையும் உண்டு. 2008 நெருக்கடிக்கு அப்புறம் திட்டத்தின் சொத்தைவிடக் கொடுக்க வேண்டியது அதிகமாகிவிட்டதால் 2010இல் அங்கே பென்ஷனைக் குறைத்தார்கள். கூலி குறைந்தவர்களுக்குப் பென்ஷனும் குறையும் என்பதால் வரிப்பணத்திலிருந்து தனியாக ஓர் உத்தரவாதப் பென்ஷன் வைத்திருக்கிறார்கள், அது இல்லாமல் இந்தத் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

இங்கே பி.எஃப்.போடு சேர்ந்த தொழிலாளர் பென்ஷன் திட்டமான இ.பி.எஸ்.ஸில் கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்கிறார்கள். பி.எஃப். பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு என்று ஒரு பத்தி இருக்கிறது, அதற்கு வட்டியும் ஏறாது, கடைசியில் எவ்வளவு வரும் என்றும் தெரியாது. குறைந்தபட்சப் பென்ஷனோ 2014இலிருந்து அதே 1,000 ரூபாய்.

என் மனைவி எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவள். நடுவில் எஸ்டேட் கைமாறிய மூன்று வருஷம் அவள் சர்வீஸில் ஏறவே இல்லை என்பது 58 வயதில் விண்ணப்பம் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எஸ்டேட்டில் ஆள் வருகையும் கூலியும் எழுதும் பழைய செக்ரோலைத் தேடி அலைந்தோம், கிடைக்கவில்லை.

சுவீடனில் வருஷா வருஷம் ஆரஞ்சு நிற உறையில் கணக்கு வீட்டுக்கே வருகிறது. சட்டம் மாறுவது மாறட்டும், அதுவரை நம் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கும் வருஷம் ஒரு தடவை, எத்தனை வருஷ சர்வீஸ் ஏறியிருக்கிறது, இன்றைய நிலவரப்படி எவ்வளவு பென்ஷன் வரும் என்று தமிழில், காகிதத்தில் அனுப்பச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். போனில் பார்த்துக்கொள் என்றால் இங்கே பாதி லயன்களில் சிக்னலே கிடைக்காது.

ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி