கடையடைப்பு அன்று உங்கள் பக்கத்தில் நின்றவர்

மாமா,

பிள்ளை வேண்டுகிறவர்கள் சுற்றுகிற திருச்செங்கோட்டு மலை வறடிக்கல்லை ஒருமுறை சுற்றிவிட்டுப் போகச் சொல்லி அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். வரமாட்டேன். ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கும் இனிப் போவதில்லை என்று என் வீட்டுக்காரரும் நானும் முடிவு செய்துவிட்டோம். ஊசியும் ஸ்கேனும் கடனும் போதும். ஃபோனில் சொல்லியிருப்பேன், நீங்கள்தான் எடுக்கமாட்டீர்களே. இங்கே எழுதினால் நம் ஊர்க்காரர் யாராவது ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் உங்களுக்குத் தள்ளிவிடுவார். தள்ளப் போகிறவருக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: முழுசாக அனுப்புங்கள். அடிக்கோடு போட வேண்டாம்.

அத்தையின் பெட்டியில் 'மாதொருபாகன்' நாவல் அகப்பட்டதற்குப் பிறகு நடந்ததை எழுதப்போவதில்லை. நமக்குத் தெரிந்தது நம்மோடு இருக்கட்டும். எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அதற்கு முந்தைய மார்கழியில் ஒரு சாயங்காலம். 2014. போர்வெல் ரிக் வண்டிப் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தீர்கள், கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்த நாவலின் நாலு ஜெராக்ஸ் தாளை எடுத்து, "அம்மிணி, நீதான் தமிழ் படிச்சவளாச்சே, இதப் படிச்சுப் பாரு. நம்ம பொம்பளைங்கள என்னன்னு நெனச்சுட்டான் இவன்?" என்றீர்கள். வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவில் கோடு. யார் போட்ட கோடு என்று எழுதமாட்டேன். நாவலை எதிர்த்தது எந்தெந்த அமைப்பு என்பதெல்லாம் அப்போதே பேப்பரில் வந்ததுதான்.

வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. பிள்ளையில்லாத காளியும் பொன்னாவும், அவர்களை அரிக்கிற ஊர்வாய், நம் திருச்செங்கோட்டு மலை அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்நோம்பியில் ஒரு நாள் ராத்திரி. பிள்ளை வேண்டி வருகிற பெண், அன்று யாரோ ஓர் ஆணோடு சேர்வது சாமி கொடுத்ததாகக் கொள்ளப்படும் என்பது கதை. நாலு வருஷம் அந்தப் புத்தகம் கடையில் சும்மா கிடந்தது. மலைமேல் இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்களிடம் முழுப் புத்தகத்தையும் எடுத்து நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். மலையின் அறுபதாம் படியில் சத்தியம் செய்கிறவர்போல அதன்மேல் கையை அழுத்தி வைத்திருந்தீர்களே தவிர, பிரிக்கவில்லை. அப்போதுதான் அடுப்படியிலிருந்து அத்தை கேட்டார்: "கடைசீல அந்தப் புள்ளைக்கு என்னதான் ஆச்சு கண்ணு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். புத்தகம் கீழே விழுந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள், காப்பிகூடக் குடிக்கவில்லை.

அந்த முகத்தைக் கோபம் என்று நான் ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற ஆண்களைப் பார்த்தேன். அதே முகம். என் வீட்டுக்காரரிடமும் ஒரு நாள் பார்த்தேன். உங்களைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது மாமா.

ஆனால் அந்த நாலு தாளில் எது இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா? காளியைப் பார்த்து ஊர் சிரிக்கிற பக்கங்கள் இல்லை. சொத்து யாருக்கு என்று பங்காளிகள் கணக்குப் போடுகிறதும், பொன்னாவை நல்லது கெட்டதில் ஒதுக்குகிறதும் இல்லை. அந்தப் புத்தகத்தைப் படித்து ஒருவருக்கு உறைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கங்களில்தான் உறைக்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

நான் வயசுக்கு வந்து நடந்த தெரட்டிச் சீர் அன்று அத்தை சீர்த் தட்டம் தூக்கிக்கொண்டு வந்தபோது, "தட்டத்தப் புள்ள பெத்தவ கையில குடுங்கப்பா" என்று ஒருவர் சொன்னாரே. அத்தை தூணுக்குப் பின்னால் போய் நின்றார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். நாவலுக்கு எதிராக 2015 ஜனவரி 9-ல் நடந்த கடையடைப்பு அன்று, கோயிலுக்கும் குலப்பெண்களுக்கும் மானம் போய்விட்டது என்று உங்கள் தோளில் கைபோட்டு நின்றவர் அதே ஆள். அவரிடம் நீங்கள் படவேண்டிய கோபத்தை, உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாத நாமக்கல் வாத்தியார் ஒருவர்மேல் பட்டீர்கள்.

உடனே சொல்வீர்கள், "ஊர்ப் பேரப் போட்டது தப்புதான?" இருக்கலாம். எனக்கும் அந்த இடம் நெருடத்தான் செய்தது. ஊர்ப் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று அவரே சொன்னார். அதோடு விட்டார்களா? 12-ம் தேதி கலெக்டர் ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை. கடையை மூடியவர்கள் ஒரு பக்கம், எழுதியவர் ஒரு பக்கம். அமைதிக்கு விலை கேட்டது அவரிடம் மட்டும். நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது. மறுநாள், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் போட்டார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. புத்தகம் பிடிக்கவில்லையென்றால் தூக்கிப் போடு, படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் எழுதியது. அந்தத் தீர்ப்பை நம் வீட்டில் யாரும் ஜெராக்ஸ் எடுக்கவில்லை.

2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக்கை வெட்டிக் கொன்றார்களே, நினைவிருக்கிறதா? பழைய இரும்பு வியாபாரம் செய்தவர். வாட்ஸ்அப்பில் கடவுள் இல்லை என்று எழுதியதற்காக. கைதானவர்கள் அவர் பிறந்த சமூகத்தைச் சேர்ந்தவர்களே. நீங்கள் அம்மாவிடம், "பாத்தியா, அவங்கெல்லாம் இப்படித்தான்" என்றீர்களாம். நான் உங்களைக் கொலைகாரர்களோடு சேர்க்கவில்லை. சத்தியமாக இல்லை. நம் ஊரில் யாரும் கத்தி எடுக்கவில்லை. எழுதியவர் குடும்பத்தோடு நாமக்கல்லை விட்டுப் போனதோடு முடிந்தது. ஆனால் அந்த "அவங்க" என்கிற சொல் எங்கிருந்து வருகிறது மாமா? 2022-ல் நியூயார்க் மாநிலத்தில் மேடையேறி சல்மான் ருஷ்டியைக் குத்தியவனுக்கு 24 வயது. ருஷ்டிமேல் கோபம் கிளப்பிய 'சாத்தானிக் வெர்சஸ்' நாவல் அவன் பிறப்பதற்கு முன்பே வந்தது. ஏதோ இரண்டு பக்கம் படித்ததாகச் சிறையிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் சொன்னான். உங்கள் சட்டைப் பையில் இருந்தது நாலு.

இதற்கெல்லாம் சட்டம் வேண்டும் என்பீர்கள். சட்டம் இருக்கிறது. லாகூரில் நபியைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்ட ராஜ்பாலை 1927-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கொந்தளிப்பு அடங்கட்டும் என்று அந்த வருஷமே வெள்ளைக்காரன் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கி 295ஏ பிரிவைக் கொண்டுவந்தான். 1929 ஏப்ரலில் ராஜ்பாலைக் கடையிலேயே குத்திக் கொன்றார்கள். இப்போது அதே பிரிவு புதுக் குற்றச் சட்டமான நியாய சம்ஹிதையில் 299 என்று உட்கார்ந்திருக்கிறது. மனசு புண்பட்டது என்று யார் சத்தமாகச் சொல்கிறார்களோ அவர்கள் பக்கம் போலீஸ் வரும் என்று ஊர் கற்றுக்கொண்டதுதான் மிச்சம். தூணுக்குப் பின்னால் நின்றவருக்கு மனசு புண்பட்டதற்கு எந்தப் பிரிவும் இல்லை.

அத்தைக்குப் புத்தகம் கொடுத்தது நான்தான். உங்களிடம் சொல்லாமல் கொடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள். கொடுத்ததற்கு மன்னிப்பு கிடையாது. அவர் கேட்டார், கொடுத்தேன். கட்டிய பெண்ணுக்கு ஒரு கதையின் முடிவு தெரியக்கூடாது என்று சொல்ல நீங்கள் யார்? என்னை மடியில் வைத்துக் காது குத்தியவர், நான் அழுதபோது சேர்ந்து அழுதவர், இத்தனை வருஷம் என்னைத் தூக்கி எறிந்துவிட்டு, பிள்ளை இல்லை என்றதும் கல்லைச் சுற்றச் சொல்லி ஆளனுப்புகிறீர்கள். பாசத்தில்தான் சொன்னீர்கள். தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை. நீங்களும் அத்தையும் அந்தக் கல்லைச் சுற்றியவர்கள்தானே. கீழே பள்ளத்தைப் பார்த்து அத்தைக்குக் கால் நடுங்கியதைச் சொல்லியிருக்கிறார்.

தை மாசம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். அடுப்பை அத்தைதான் பற்ற வைக்க வேண்டும், அவர்தான் முதல் தட்டம் தூக்க வேண்டும். அம்மாவுக்குப் பயம், இருந்தாலும் சரி என்றுவிட்டாள். அந்தப் பெரிய மனுஷரையும் முறைக்குக் கூப்பிட்டிருக்கிறாளாம். அவர் வாயைச் சும்மா வைத்துக்கொள்ள மாட்டார். கடையடைப்பு அன்று உங்களுக்கு வந்த கோபத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் அன்றைக்குக் கொண்டு வாருங்கள். தேதியை அம்மா சொல்வாள்.

அம்மிணி