மாதத்தில் ஒரு நாள், எங்கள் பிள்ளைகளின் பல்லுக்காக

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது, மூளை முடக்குவாதம். அது என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போன இரண்டு மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு வாரமாக இடது கையால் கன்னத்தில் குத்திக்கொண்டே இருந்தாள். பேச்சு இல்லாத பிள்ளை. காது வலியா, ஃபிட்ஸ் வரப்போகிறதா என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். கன்னம் வீங்கிய பிறகுதான் பல் என்று புரிந்தது. 22 கிலோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனையின் இரண்டாவது மாடி ஏறினோம், லிஃப்ட் பழுது. பல் நாற்காலியில் சாய்த்ததும் உடம்பு வில்லாக விறைத்தது. வாய்க்குள் விட்ட கண்ணாடியைக் கடித்துவிட்டாள். வேண்டுமென்று கடிப்பதல்ல, எது பட்டாலும் தாடை தானாக இறுகிவிடும். டாக்டர் பயந்துபோனார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "மயக்கம் கொடுத்துத்தான் பார்க்கணும், மெடிக்கல் காலேஜுக்குப் போங்க" என்றார்.

அங்கே மயக்க மருந்து டாக்டர் பிரசவ கேஸில் இருந்தார். அடுத்த வாரம் பிள்ளைக்குச் சளி, மயக்கம் கொடுக்க முடியாது. அப்புறம் தியேட்டர் காலியில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப்போடு திரும்பினோம். நான்காவது முறை, "பால் பல்தானேம்மா, தானா விழுந்துடும்" என்றார் ஒருவர். பால் பல் இல்லை ஐயா. ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பல், ஆயுசுக்கும் இருக்க வேண்டியது. ஐந்தாவது முறை தியேட்டர் கிடைத்தது. பல்லைப் பிடுங்கத்தான் முடிந்தது.

"பல் தேய்த்துவிடுவதில்லையா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேய்க்கிறோம், இரண்டு பேராக. அவள் அப்பா பின்னால் உட்கார்ந்து தலையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். ஐஸ்கிரீம் குச்சிகளைச் சேர்த்துத் துணி சுற்றிக் கடைவாயில் கொடுத்துவிட்டு நான் தேய்ப்பேன். நுரை உள்ளே போனால் புரையேறும் என்று பேஸ்ட் துளியூண்டுதான். ஃபிட்ஸ் மருந்து இரண்டு வேளையும் இனிப்பு சிரப். மசித்த சோறு கன்னத்தில் ஒதுங்கி மணிக்கணக்கில் கிடக்கும். சொத்தை விழாமல் இருந்தால்தான் அதிசயம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மாதத்தில் ஒரு நாள், மயக்க மருந்து டாக்டரோடு ஒரு தியேட்டரை இந்தப் பிள்ளைகளின் பல்லுக்கென்று ஒதுக்குங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25ஆவது பிரிவில், சிகிச்சையில் முன்னுரிமை என்கிறது. வரிசையில் முன்னால் விடுகிறார்கள், மறுக்கவில்லை. முன்னால் போய், முன்னாலேயே திரும்பி வருகிறோம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், நன்றி. கை காலை நீட்டி மடக்குகிறார்கள். வாயைத் திறந்து பார்க்க மட்டும் உத்தரவில்லை போலும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் ஊனம் 90 சதவீதம் என்று போட்டிருக்கிறது. மீதிப் பத்தில்தான் பல் வருகிறதோ என்னவோ! சொத்தையைத் தடுக்கப் பல்லில் பூசும் ஃபுளோரைடு வார்னிஷுக்குச் சில நிமிடம் போதும், பல் நாற்காலிகூட வேண்டாம். அதையாவது வீட்டுக்கு அனுப்பலாமே. உதவித்தொகை, பஸ், சாய்தளம் என்று ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து மாதத்தில் ஒரு நாள். எந்தக் கிழமை என்று நீங்களே சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரியே வந்து படுத்துக்கொள்கிறோம், காலையில் வெறும் வயிற்றோடு பிள்ளை தயாராக இருப்பாள். வலது கடைவாயிலும் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது ஐயா.

இப்படிக்கு,
ஒரு தாய்