சும்மா கிடக்கும் நிலம் இல்லை அது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரல்வாய்மொழி தொடங்கி முப்பந்தல் தாண்டி மாவட்ட எல்லை வரை, நெடுஞ்சாலையோரப் புறம்போக்கு நிலங்களை நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உணவகமும் பெட்ரோல் பங்கும் வந்தால் அரசுக்கு வருவாய் கிடைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், "ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சும்மா கிடக்கும் நிலம்தானே, யாருக்கு என்ன இழப்பு?" என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. 28 ஆண்டுகள் தோவாளை வட்டத்தில் கிராம உதவியாளராக இருந்து, நில அளவையரோடு அதே சாலையோரத்தில் சங்கிலி பிடித்து நடந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அந்த இடத்தில் ஆள் இல்லாமல் போனது தானாக நடந்ததன்று. இந்தச் சாலைக்கு 47பி என்று எண் இருந்த காலத்தில், முப்பந்தலுக்குச் சற்று முன்னால் ஒரு புளியமரத்தடியில் என் அத்தை ஓலைப்புரை போட்டு நுங்கும் பதநீரும், பருவம் மாறினால் அவித்த பனங்கிழங்கும் விற்று வந்தார். இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் புறப்படும் லாரி ஓட்டுநர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். ஆடிக்காற்றில் கூரை பறந்துவிடாமல் இருக்க ஓலையின் மேல் பழைய சைக்கிள் டயர்களைப் போட்டு, அவற்றில் கயிறு கட்டி இருபுறமும் கல்லைத் தொங்கவிட்டிருப்பார். புறம்போக்கு நிலத்தில் இருப்பவர்களுக்கு வருவாய்த்துறை அனுப்பும் ஆக்கிரமிப்பு அறிவிப்பான பி மெமோ ஆண்டுதோறும் வரும். தீர்வையையும் அபராதத்தையும் கட்டிவிட்டு, ரசீதைச் சுருட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டு மூடி வைப்பார். அந்தக் காகிதம் தம்மை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும் காகிதம் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, ஏன் அப்புறப்படுத்தக் கூடாது என்று கேட்கும் நோட்டீஸை அவரிடம் கொடுத்து, பெருவிரல் ரேகை வாங்கியவன் நான்தான். "இது எவ்வளவு ரூபாய்க்குள்ள ரசீது, மக்களே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்து, அப்புறப்படுத்தச் சொல்லும் 6ஆம் பிரிவு உத்தரவு வந்தது. ஒரே காலைப்பொழுதில் புரை போயிற்று, பின்னர் மரமும் போயிற்று.

குத்தகைக்காவது தாருங்கள் என்று அத்தையின் பெயரில் திங்கட்கிழமை மனுநாளில் மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தேன். அது ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு, சாலை விரிவாக்கத்துக்கு வேண்டிய நிலம், யாருக்கும் குத்தகைக்கு விட வழியில்லை என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. சட்டம் அதுவானால் எல்லோருக்கும் அதுவே என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இன்று அதே சாலையோரத்தைப் பணம் உள்ளவர்களுக்கு நீண்டகாலத்துக்குக் கொடுக்கலாம் என்று எழுதுகிறீர்கள். பத்தடிக்குப் பத்தடி கேட்டவருக்கு இல்லாத வழி, ஏக்கர் கணக்கில் கேட்பவருக்கு எங்கிருந்து பிறந்தது ஐயா?

நெடுஞ்சாலைக்கென எடுத்த நிலத்தைத் தற்காலிகப் பயன்பாட்டுக்கு மட்டுமே குத்தகைக்கோ உரிமத்துக்கோ விடலாம் என்றுதான் தேசிய நெடுஞ்சாலை நிலம், போக்குவரத்து தொடர்பான 2002ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், விதிவிலக்காக விட்டுவைக்கத்தக்கவை என்று அது எடுத்துக்காட்டியது நிலமற்ற கூலித் தொழிலாளர்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் அரசு அளித்த குத்தகைகளையும், பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடுகளையும்தான். இவை தங்களுக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் அந்த வரி அச்சேறியதுதான் என் வருத்தம்.

சும்மா கிடப்பதாகச் சொல்லப்படும் அந்த நிலத்துக்கும் வேலை உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அதைக் கடந்து, சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டிய கலுங்குகள் வழியாகத்தான் குளங்களுக்குப் போகின்றன. கும்பப்பூ அறுவடை முடிந்து வயலில் கிடை போட வரும் ஆட்டுமந்தைகள் அந்த ஓரத்தில்தான் நடந்து வருகின்றன. காற்றாலைகள் வந்த காலத்தில் எங்கள் மாட்டுத்தடங்கள் பல வேலிக்குள் போய்விட்டதால், மந்தைகளுக்கு மிஞ்சியிருப்பது இந்தச் சாலையோரம் ஒன்றுதான். எங்கள் ஊருக்கு அருகே ஓர் உணவகத்துக்காகச் சாலையோரப் பள்ளத்தில் சரல் மண் அடித்து நிரப்பியபோது, அதன் அடியில் ஒரு கலுங்கின் வாய் இருக்கிறது என்று நான் நேரில் போய்ச் சொன்னேன். வரைபடத்தில் இல்லை என்றார்கள். 2021 நவம்பர் மழையில் தண்ணீர் முழங்கால் அளவுக்குச் சாலைமேல் நின்றது. கலுங்கு இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி மறுநாள் காலையில் என்னைத்தான் அழைத்துப் போனார்கள்.

குத்தகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த நிலத்தை விடப்போகிறார்களோ அதன் புல எண்ணையும் பரப்பையும் முன்கூட்டியே தமிழில் எழுதிக் கிராம நிர்வாக அலுவலகத்திலும் பேரூராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். ஓடையும் கலுங்கும் மந்தைத் தடமும் அதில் சேரக் கூடாது. பி மெமோ கட்டி வந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு ஒரு சிறு கடைக்கான இடமாவது முதலில் ஒதுக்க வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தாங்கள் வெளியிட்டால் போதும். அத்தை கட்டிய பணத்துக்கான 11 ரசீதுகள் அதே பாட்டிலில் என்னிடம் இருக்கின்றன. தாங்கள் கேட்டால் நகல் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம உதவியாளர்,
தோவாளை வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.