உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுடனான ஒப்பந்தங்கள் திருத்தப்பட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பின்னரான நிவாரண, மீள்கட்டுமானப் பணிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மலையகத்தின் மண்சரிவுப் பிரதேசங்களிலும் வடக்கு, கிழக்கின் வெள்ளப் பகுதிகளிலும் பணியாற்றும் உள்ளூர் அமைப்புகளின் இயலளவை, அதாவது பணியாற்றும் திறனை, விருத்தி செய்ய வேண்டும் என்ற கருத்து அச்செய்திகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. அக்கருத்தோடு எனக்கு முரண்பாடு எதுவும் இல்லை. ஆயினும், மட்டக்களப்பில் உள்ளூர்த் தொண்டு நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற வகையில், இத்தனை பயிற்சிப் பட்டறைகளுக்குப் பின்னரும் அந்த இயலளவு ஏன் வளராமல் நிற்கிறது என்பதைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கான காரணத்தின் பெரும்பகுதி, சர்வதேச நிறுவனங்கள் எங்களைப் போன்ற அமைப்புகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களிலேயே இருக்கிறது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் ஊருக்குள் புகுந்தபோது, நாவலடியிலும் கல்லடியிலும் காயப்பட்டவர்களைத் தூக்கி வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவர்களும், உடல்களைத் தேடி எடுத்தவர்களும், பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் அடுப்பு மூட்டிச் சமைத்தவர்களும் அக்கம்பக்கத்து மக்களே. இலங்கையில் 30,000இற்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன அந்த அனர்த்தத்தில், மிகக் கூடுதலானோரை இழந்த அம்பாறை மாவட்டத்திலும் இதுவே நடந்தது. அந்தச் சுனாமியால் பாதிக்கப்பட்ட நாடுகள் அனைத்துக்குமாக உலகம் ஏறத்தாழ 1,350 கோடி டொலரை வழங்கியது. நிவாரணப் பணிகளை ஆராய்ந்து 2006இல் சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை, முதல் நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் உள்ளூர் மக்களே என்றும், பின்னர் வந்து சேர்ந்த சர்வதேச நிறுவனங்கள் பல இடங்களில் உள்ளூர்த் திறனைப் புறக்கணித்தன அல்லது பலவீனப்படுத்தின என்றும் வெளிப்படையாகவே கூறியது.

அந்தப் பலவீனப்படுத்தல் நடந்த விதத்தை நான் நேரில் கண்டவன். 2005 ஜனவரியில் எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர் பணியாற்றினோம். சித்திரைப் புத்தாண்டு வருவதற்குள் ஐவர் புதிதாக வந்த வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் அன்றும் குறை சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். நாங்கள் கொடுத்த சம்பளத்தைப் போல் மூன்று மடங்கு கிடைக்கும்போது, கடனும் கரை சேர்க்க வேண்டிய தங்கைமாரும் உள்ள ஓர் இளைஞன் வேறென்ன செய்வான்? எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது வேறொன்று. எங்கள் முன்னாள் பணியாளர் இருவரைத் தன் அலுவலகத்தில் வைத்திருந்த ஒரு நிறுவனம், அதே ஆண்டின் இறுதியில் எங்களை மதிப்பீடு செய்தபோது, ‘செயற்றிட்ட முகாமைத்துவத்தில் போதிய அனுபவமுள்ள பணியாளர்கள் இல்லை’ என்று எழுதி, எங்களுக்குத் திறன் விருத்திப் பயிற்சியைச் சிபாரிசு செய்தது.

இதற்கு ஒரு பரிகாரம் எழுத்தில் இருக்கிறது. 2015இல் சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் சில முன்வைத்துக் கையொப்பமிட்ட ‘மாற்றத்துக்கான சாசனம்’, நெருக்கடி தொடங்கி ஆறு மாதங்களுக்குள் உள்ளூர் அமைப்பொன்றின் பணியாளரை வேலைக்கு எடுத்தால், அவருடைய முதல் ஆறு மாதச் சம்பளத்தில் 10 சதவீதம் போன்றதொரு தொகையை அந்த அமைப்புக்கு ஈடாக வழங்கலாம் என்கிறது. தொகை சிறியதுதான். ஆனால் ஒருவரைப் பயிற்றி வளர்ப்பதற்கு ஒரு சிறிய அமைப்பு செலவிட்ட ஆண்டுகளுக்கு விலையுண்டு என்பதை அந்த வாசகம் ஒப்புக்கொள்கிறது. என் கையால் கோப்பிட்ட எந்த ஒப்பந்தத்திலும் அத்தகைய வாசகத்தை நான் கண்டதில்லை.

அடுத்து நிர்வாகச் செலவு. வாசகர்கள் பலர் அறியாத விடயம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஒரு நாட்டின் அரசாங்கம் வழங்கும் நிவாரண நிதி பெரும்பாலும் நேரடியாக ஓர் ஊரின் அமைப்புக்கு வருவதில்லை. அது ஐக்கிய நாடுகள் அமைப்பு ஒன்றின் ஊடாகவோ, பெரிய சர்வதேச நிறுவனம் ஒன்றின் ஊடாகவோ, சில வேளைகளில் இரண்டின் ஊடாகவும் இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் தலைமையகச் செலவுக்கென்று 7 அல்லது 8 சதவீதம் போன்றதொரு பங்கு எடுக்கப்படுகிறது. அதில் தவறில்லை, கட்டடத்துக்கு வாடகை வேண்டும், கணக்காய்வுக்குக் கட்டணம் வேண்டும், ஒரு செயற்றிட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை பணியாளரைத் தக்கவைக்கப் பணம் வேண்டும். ஆனால் கடைசிப் படியில் நிற்கும் உள்ளூர் அமைப்புக்கு மட்டும் இந்தப் பங்கு பல வேளைகளில் கிடைப்பதேயில்லை. எங்களுக்கு வந்த வரவு செலவுத் திட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தரின் சம்பளம் இருக்கும்; கூடாரத்தின் விலை இருக்கும்; தண்ணீர்த் தாங்கியின் விலை இருக்கும். அலுவலகத்தின் மின்கட்டணமும், கணக்காளரின் சம்பளமும், செயற்றிட்டம் முடிந்த பின்னர் பற்றுச்சீட்டுகளை ஆண்டுக்கணக்கில் காக்கும் செலவும் ‘நிறுவனத்தின் சொந்தப் பங்களிப்பு’ என்ற தலைப்பின் கீழ் போய்விடும். பதினொரு மாதத்தில் பணம் நின்றதும் பயிற்சி பெற்ற பணியாளரும் போய்விடுவார். அடுத்த அனர்த்தத்தின்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உள்ளூர்ப் பங்காளர்களுக்கும் நிர்வாகச் செலவுப் பங்கு வழங்கப்பட வேண்டும் என்று மனிதாபிமான அமைப்புகளின் உலகளாவிய ஒருங்கிணைப்புக் குழு 2022இல் வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

2022ஆம் ஆண்டை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று, மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. 2021 டிசெம்பர் இறுதியில் 177 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் 26ஆம் திகதி 470 ரூபாவானது. எங்கள் பங்காளரான சர்வதேச நிறுவனத்துக்கு நிதி வந்தது வெளிநாட்டு நாணயத்தில். எங்களுடைய ஒப்பந்தமோ ரூபாவில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே அதே தொகைக்கு அவர்கள் கையில் கிடைத்த ரூபா ஏறத்தாழ இரட்டித்தது, எங்களுக்கு வரவேண்டிய ரூபா ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருந்தது. எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர்கள் எரிபொருள் வரிசையில் இரவு முழுவதும் நின்று, வாகரைக்கும் வவுணதீவுக்கும் தம் சொந்தச் செலவில் மோட்டார் சைக்கிளில் போய்வந்தார்கள். ஒப்பந்தத்தைத் திருத்தித் தருமாறு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு, அடுத்த காலாண்டில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. காலாண்டு முடிந்தபோது செயற்றிட்டமும் முடிந்திருந்தது. அந்த நிறுவனத்தில் எங்களோடு பேசிய அலுவலர்கள் நல்லவர்கள், எங்கள் நிலையைப் புரிந்துகொண்டவர்கள். ஆனால் நாணய மாற்றினால் வரும் இலாபமும் நட்டமும் யாருக்கு என்று கையொப்பமிடும் நாளில் பேசும் உரிமை எங்களுக்கு இருக்கவில்லை.

இயலளவு என்பதை அளக்கும் கோலும் சரிபார்க்கப்பட வேண்டியது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது வழமை. மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குக் குடிபோகிறான். சுனாமிக்குப் பின்னர் கட்டிக்கொடுத்த வீடுகளின் உரிமை, ‘குடும்பத் தலைவர்’ என்ற படிவச் சொல்லின் காரணமாகப் பெரும்பாலும் ஆணின் பெயருக்கே போனது. தாய்வழியாக வந்த பாதுகாப்பைக் கடல் ஒரு நாளில் எடுத்துச் சென்றது. எஞ்சியதைப் படிவம் எடுத்துக்கொண்டது. வீட்டின் உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலும் கூட்டாகவோ எழுதப்பட வேண்டும் என்று அன்றே எச்சரித்தவர்கள் இந்த மாவட்டத்துப் பெண்கள் அமைப்பினரே. அவர்களிடம் ஆங்கிலத்தில் முன்மொழிவு எழுதத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான பெண்களின் வாழ்வைத் தீர்மானித்த அந்த ஒரு கேள்வியை அவர்கள்தான் முதலில் கேட்டார்கள். நிதி வழங்குநர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் இந்த அறிவுக்குப் புள்ளி வழங்கும் கட்டம் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் முன்மொழிவுகளையும் அறிக்கைகளையும் ஏற்றுக்கொள்ளும் ஒரு சிறு மாற்றம்கூட, இன்று மலையகத்தில் லயன் அறைகளை இழந்த மக்களிடையே பணிபுரியும் எத்தனையோ அமைப்புகளுக்குக் கதவைத் திறந்துவிடும்.

ஆபத்தும் சமமாகப் பகிரப்படுவதில்லை. 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் கொல்லப்பட்ட சர்வதேசத் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் 17 பேரும் இந்நாட்டவர்கள். 2008 செப்டெம்பரில் போர் நடந்த வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தபோது வெளிநாட்டுப் பணியாளர்கள் வெளியேறினார்கள். உள்ளூர்ப் பணியாளர் பலர் தம் குடும்பங்களோடு உள்ளேயே இருந்தார்கள். காப்புறுதி, இடம்பெயர்வுச் செலவு, இறந்தவரின் குடும்பத்துக்கான கொடுப்பனவு ஆகியன பங்காளர் அமைப்பின் பணியாளருக்கும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும் என்று கேட்பதற்கு இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கொள்கை அளவில் இவையெல்லாம் ஏற்கப்பட்டு நெடுங்காலமாகிவிட்டது. 2007இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் செஞ்சிலுவை இயக்கமும் அரச சார்பற்ற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பங்காண்மைக் கோட்பாடுகள் ஐந்தில் முதலாவது சமத்துவம். 2016 மே மாதம் இஸ்தான்புல் உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் நிதி வழங்குநர்களுக்கும் உதவி அமைப்புகளுக்கும் இடையே உருவான ‘பெரும் உடன்பாடு’, 2020ஆம் ஆண்டுக்குள் மனிதாபிமான நிதியில் 25 சதவீதத்தை இயன்றளவு நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு வழங்குவதாக உறுதியளித்தது. அந்தக் காலக்கெடு கடந்து ஆண்டுகள் பலவாகியும், நேரடியாகச் செல்லும் பங்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தி, ஜூலையில் அதற்கான முகவரகத்தையும் மூடியபோது, முன்னறிவித்தல் எதுவுமின்றி முதலில் வேலை இழந்தவர்களும் பங்காண்மைச் சங்கிலியின் கடைக்கோடியில் இருந்த உள்ளூர்ப் பணியாளர்களே. கையிருப்பு வைத்துக்கொள்ள அனுமதிக்காத ஒப்பந்தங்கள், நெருக்கடி வரும்போது ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூட வழியில்லாத அமைப்புகளையே உருவாக்கும்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் நான் மறைக்க விரும்பவில்லை. நிர்வாக சபையில் உறவினர்களை மட்டும் வைத்திருக்கும் அமைப்புகள் உண்டு. பணியாளர்களில் பெரும்பான்மை பெண்களாக இருக்க, முடிவெடுக்கும் நாற்காலிகள் முழுவதும் ஆண்களிடம் இருக்கும் அமைப்புகள் உண்டு; நான் பணியாற்றிய அமைப்பும் நீண்டகாலம் அப்படித்தான் இருந்தது. வரவு செலவை நிதி வழங்குநருக்கு மட்டும் காட்டி, யாருடைய பெயரால் அந்தப் பணம் வந்ததோ அந்தக் கிராமத்துக்குக் காட்டாமல் விடுவதும் எங்களிடம் உள்ள பிழை. கணக்கைக் கேட்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை, நானே கணக்காளன். ஆறு நிதி வழங்குநர்கள் ஆறு வகையான படிவங்களில் அதே ஆவணங்களை ஆறு முறை கேட்காமல், ஒருவர் செய்த நிறுவன மதிப்பீட்டை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டால், கணக்கைச் சீராக வைத்திருக்க எங்களுக்கு இன்னும் கூடுதலான நேரம் கிடைக்கும்.

டித்வாவினால் 600இற்கும் மேற்பட்ட உயிர்களை இழந்திருக்கிறோம். மீள்கட்டுமானத்துக்கான ஒப்பந்தங்களில் வீடமைப்பு, வாழ்வாதாரம், உளசமூக ஆதரவு என்று ஒவ்வொன்றிலும் உள்ளூர்ப் பங்காளர் ஒருவரின் பெயர் இடம்பெறும். அந்தப் பங்காளருக்கு நிர்வாகச் செலவுப் பங்கு எத்தனை சதவீதம், நாணய மாற்றின் நட்டத்தை ஏற்பவர் யார், பணியாளருக்குக் காப்புறுதி உண்டா, செயற்றிட்டத்தை வகுத்த கூட்டத்தில் அவர்கள் அமர்ந்திருந்தார்களா என்ற நான்கு கேள்விகளுக்கும் சர்வதேச நிறுவனங்கள் தாமாகவே பதிலளித்து, அப்பதில்களை மாவட்டச் செயலகங்களில் மூன்று மொழிகளிலும் பார்வைக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் இதைக் கேட்கும் அதிகாரம் மாவட்டச் செயலாளர்களுக்கு உண்டு. தங்கள் செய்தியாளர்களும் வீடு கையளிக்கும் வைபவங்களுக்குச் செல்லும்போது, எத்தனை வீடுகள் என்று கேட்பதோடு இந்தக் கேள்விகளையும், அந்த வீட்டின் உறுதி யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டு எழுத வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கணக்காளர்,
கல்லடி, மட்டக்களப்பு.