முஹோலியின் படங்களுக்குப் பூட்டுப் போட்ட ஓர் அறை வேண்டும்

தென்னாப்பிரிக்க அரசின் விளையாட்டு, கலை, பண்பாட்டுத் துறைக்கு,

வணக்கம். இந்த மடலைத் தமிழில் எழுத உங்கள் அரசியல் சாசனமே எனக்கு இடம் கொடுக்கிறது. மதித்துப் பேண வேண்டிய மொழிகள் என்று 6-வது பிரிவில் நீங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருதுவோடு தமிழும் இருக்கிறது. 1860-ல் மதராஸில் கப்பலேறி டர்பனில் இறங்கி, கரும்புத் தோட்டங்களில் முதுகொடிய உழைத்தவர்கள் கொண்டுவந்த மொழி அது. அதே சாசனத்தில் மூன்று பிரிவு தள்ளி, 9-வது பிரிவில், ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதை வைத்து அவரை அரசு ஒதுக்கக் கூடாது என்று இருக்கிறது. உலகத்திலேயே முதன்முதலாக இதை அரசியல் சாசனத்தில் எழுதி வைத்தவர்கள் நீங்கள்தான். அந்தப் பிரிவை நம்பித்தான், உங்கள் நாட்டில் புகைப்படம் எடுக்கும் ஜனேலே முஹோலியைப் பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

உங்களுக்கு அவரைத் தெரியும், இதைப் படிக்கும் தமிழர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1972-ல் டர்பன் பக்கத்தில் உம்லாசியில் பிறந்தவர். நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே தள்ளிக் குடிவைத்த டவுன்ஷிப்புகளில் அதுவும் ஒன்று. அம்மா பெஸ்டர், ஒரு வெள்ளையர் குடும்பத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் வீட்டு வேலை செய்தவர். முஹோலி தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்வதில்லை. தமிழில் அதற்காக எதையும் புதிதாகத் தேட வேண்டாம், 'அவர்' என்ற நம் சொல்லே போதும். ஜோகன்னஸ்பர்க்கில் புகைப்படம் படித்தார், 2002-ல் கறுப்பின லெஸ்பியன் பெண்களுக்கான ஓர் அமைப்பைத் தோழிகளோடு சேர்ந்து தொடங்கினார், 2009-ல் 'இன்கான்யிசோ' என்ற ஊடகக் குழுவைத் தொடங்கினார். ஜூலு மொழியில் அதற்கு வெளிச்சம் என்று பொருள். அப்புறம் கேப் டவுனில் தன் பெயரில் இளைஞர்களுக்கான ஒரு கலை நிலையம். கலைஞர் என்று சொன்னால் 'விஷுவல் ஆக்டிவிஸ்ட்', அதாவது படங்களால் போராடுபவர், என்று திருத்துவார்.

லண்டனில் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய கண்காட்சிக்குப் போயிருந்தேன். 'முகங்களும் கட்டங்களும்' என்று பொருள்படும் வரிசை ஒன்று, 2006-ல் தொடங்கி இன்னும் நிற்காமல் போய்க்கொண்டிருப்பது, ஒரு சுவர் முழுக்க இருந்தது. கறுப்பின லெஸ்பியன் பெண்கள், திருநம்பிகள், ஆண்-பெண் என்ற கோட்டுக்குள் அடங்காதவர்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. யாரும் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரிக்கவில்லை, எல்லோரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள். அவர்களை முஹோலி 'பங்கேற்பாளர்கள்' என்றுதான் அழைக்கிறார், ஏனென்றால் படம் எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் சேர்ந்து செய்யும் வேலை இது என்கிறார். வரிசைக்கு நடுவே அங்கங்கே படமே மாட்டாமல் வெற்றிடம் விட்டிருந்தார்கள். முதலில் மாட்ட மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன், பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் புரிந்தது: இப்போது இல்லாதவர்களுக்கும், இனிமேல் வரப்போகிறவர்களுக்கும் விட்ட இடம். இந்த வரிசையில் முதலில் படமெடுக்கப்பட்ட கவிஞர் பூசி சிகாசா, மறு ஆண்டே, 2007-ல், இளம் வயதில் இறந்துபோனார்.

அடுத்த அறையில் முஹோலியின் சுயபடங்கள். ஒன்றுக்கு அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறார். தலைமுடி முழுக்கத் துணி காயப்போடும் கிளிப்புகள், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மகாராணியின் கிரீடம் மாதிரி எழுந்து நிற்கின்றன. காதிலும் கிளிப்புகள்தான் தோடு. தோலின் கறுப்பைப் பிரிண்டில் வேண்டுமென்றே இன்னும் கூட்டியிருக்கிறார், அதனால் கண்ணின் வெள்ளை நம்மை விடுவதே இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுத் துணியைத் துவைத்து உலர்த்திய ஒரு தாய்க்குப் பிள்ளை சூட்டிய முடி அது. நான் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

சரி, உங்களிடம் வருகிறேன். 2009 ஆகஸ்டில், உங்கள் அரசியல் சாசன நீதிமன்றம் இருக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் அதே கான்ஸ்டிட்யூஷன் ஹில்லில், உங்கள் துறை பணம் கொடுத்த ஒரு கண்காட்சியைத் தொடங்கி வைக்க வந்த அன்றைய கலை, பண்பாட்டு அமைச்சர் லுலு ஷிங்வானா, பெண்கள் ஒருவரையொருவர் அணைத்திருக்கும் முஹோலியின் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமலே வெளியேறினார். ஒழுக்கக்கேடு என்றார், தேசத்தைக் கட்டும் வேலைக்கு எதிரானது என்றார். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 2008 ஏப்ரலில், தேசிய அணிக்காக ஆடிய கால்பந்து வீராங்கனை யூடி சிமெலானே குவாதேமா டவுன்ஷிப்பில் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஒளிக்காமல் லெஸ்பியனாக வாழ்ந்தவர் அவர். அந்த நேரத்தில் ஓர் அமைச்சர் வாயிலிருந்து வந்த சொல் டவுன்ஷிப் தெருவில் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான்கு ஆண்டு கழித்து 2013-ல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் உங்கள் நாட்டு அரங்கில் அதே முஹோலியின் படங்கள் இருந்தன. அதை நான் மறைக்கவில்லை, நல்ல காரியம்தான். ஆனால் வெளிநாட்டில் பெருமையாகக் காட்டுவதும் உள்ளூரில் பொறுப்பாகப் பாதுகாப்பதும் வேறு வேறு.

பாதுகாப்பைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. 2012 ஏப்ரலில் கேப் டவுனில் முஹோலியின் வீட்டில் திருட்டு நடந்தது. 20-க்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகள் போயின, பேக்கப் எடுத்து வைத்திருந்தவையும் சேர்ந்தே போயின. பல ஆண்டு வேலை. அதில் வெறுப்புக் கொலைகளில் இறந்தவர்களின் இறுதிச் சடங்குப் படங்களும் இருந்தன. ஒரு தாய் மகளின் சவப்பெட்டிப் பக்கத்தில் நின்றதற்கு இருந்த ஒரே சாட்சி ஓர் அடுக்குமாடி வீட்டின் அலமாரியில் இருந்திருக்கிறது. அது ஏன் அங்கே இருந்தது? அதை வைக்க வேண்டிய தேசிய ஆவணக் காப்பகம் உங்கள் துறையின் கீழ்தானே இருக்கிறது?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முஹோலியும் இன்கான்யிசோவும் சேர்த்தவற்றுக்கு, அதாவது படங்களோடு பேட்டிகள், நீதிமன்ற வாசல் பதிவுகள், கல்யாணங்கள், அடக்கங்கள் எல்லாவற்றுக்கும், அவர்கள் சம்மதித்தால், தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுப் பிரதி ஒன்று இருக்கட்டும். ஸ்கேன் செய்ய, பட்டியல் போட, பத்திரப்படுத்த ஆகும் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். அந்த வேலைக்கு அவர் சொல்லிக்கொடுத்து வளர்த்த இளைஞர்களையே சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள்.

படங்களைப் பார்த்து எழுந்து போன அரசாங்கத்தின் கையிலா இதைக் கொடுப்பது என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. ஒரு முகமும் பெயரும் ஊரும் ஒரே இடத்தில் இருப்பது சிலருக்கு இன்றும் ஆபத்துதான். ஆகவே எதைத் திறப்பது, எதை மூடியே வைப்பது, யார் பார்க்கலாம் என்பதை முஹோலியும் பங்கேற்பாளர்களும்தான் முடிவு செய்ய வேண்டும், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே, 2009-ல் சொன்ன வார்த்தைகள் தவறு என்று துறையின் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பதில் எழுதுவதானால் முதலில் முஹோலிக்கும் அந்தச் சுவரில் இருப்பவர்களுக்கும் எழுதுங்கள். எனக்கு அப்புறம் எழுதினால் போதும்.

அன்புடன்,
லண்டனிலிருந்து ஒரு தமிழர்