அந்த 'ஸ்காட்' ஆள் பெயர் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மாணவர் பக்கத்தில் 'கெட் ஆஃப் ஸ்காட்-ஃப்ரீ' என்ற ஆங்கில மரபுத்தொடருக்கு விளக்கம் போட்டிருந்தீர்கள். தப்பு செய்தவன் தண்டனை எதுவும் இல்லாமல் கழன்றுகொள்வது என்று பொருள் சொன்னது சரி. ஆனால் கீழே பெட்டி கட்டி, டிரெட் ஸ்காட் என்ற அமெரிக்க அடிமை வழக்காடி விடுதலை வாங்கியதால் வந்த சொல் இது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை.

டிரெட் ஸ்காட் ஜெயிக்கவே இல்லை, ஐயா. 1846-ல் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார், அது கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கி 1857 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே அல்ல, வழக்குப் போடவே அவருக்கு உரிமை இல்லை என்று ஏழு நீதிபதிகள் ஒரு பக்கமும் இரண்டு பேர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் வேறு கைக்கு மாறி, அந்தப் புதிய உடைமையாளர் மனது வைத்து விடுவித்தார். மறு வருடமே காசநோயில் இறந்துவிட்டார். அப்படிப்பட்டவரைப் போய்த் தண்டனைக்கு டிமிக்கி கொடுத்தவர் என்கிற அர்த்தத்துக்கு மூலமாக்குவது கொஞ்சம் கொடுமையாகவும் இருக்கிறது. அவர் என்ன குற்றம் செய்தார்?

எழுத்தைப் பார்த்தாலே தெரியும், அவர் பெயரில் (Scott) கடைசியில் 'டி' இரண்டு, இந்தச் சொல்லில் (scot) ஒன்றுதான். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கும் இதில் வேலை இல்லை. பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த 'ஸ்காட்' என்றால் வரி, பங்குப் பணம். 11-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ஆவணங்களிலேயே வரி விலக்கு என்ற பொருளில் 'ஸ்காட்-ஃப்ரீ' இருக்கிறது, நம் சோழர் கல்வெட்டில் வரும் 'இறையிலி' மாதிரி. வனக்காவலர்கள் பீர் காய்ச்சி, ஊர்க்காரனைக் குடிக்க வரச்சொல்லிக் காசு பிடுங்கிய வழக்கத்துக்கு 'ஸ்காட்டேல்' என்று பெயர், அங்கே காடுகளுக்கான சட்டமாக வந்த 1217-ஆம் ஆண்டின் வன சாசனம் அதைத் தடை செய்தது. (கட்டாய வசூலுக்கு எந்த ஊரிலும் ஒரு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது!) அப்புறம் 1832 தேர்தல் சீர்திருத்தத்துக்கு முன்பு, இங்கிலாந்தின் சில நகரங்களில் இந்த 'ஸ்காட்' கட்டியவனுக்குத்தான் ஓட்டு. வரி கட்டாமல் தப்புவது என்பது பின்னால் தண்டனையிலிருந்து தப்புவதாக விரிந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று, நீங்கள் கொடுத்த உதாரண வாக்கியம். 'குற்றம் நிரூபிக்கப்படாததால் அவர் ஸ்காட்-ஃப்ரீயாக விடுதலையானார்' என்று இருக்கிறது. இது வில்லங்கமான வாக்கியம். செய்தது அவன்தான், ஆனாலும் மாட்டவில்லை என்கிற குற்றச்சாட்டு இந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. நிரபராதியைப் பற்றி இப்படி எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அவருக்கு 'அக்விட்டட்', அதாவது குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார் என்ற சொல் போதும். ஊழல் செய்தவன் கீழே வேலை பார்த்தவனை மாட்டிவிட்டு நழுவினான் என்றால் தாராளமாகப் போடலாம்.

பிள்ளைகள் அந்தப் பெட்டியை வெட்டி நோட்டில் ஒட்டியிருப்பார்கள். திருத்தத்தை ஏதோ மூலையில் நாலு வரியாகப் போடாமல், அதே பக்கத்தில் அதே அளவுப் பெட்டியாகவே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்