யாரை ஜெயித்தீர்கள் என்று கேட்ட பையனுக்கு

கண்ணா,

உன் மெசேஜைப் பார்த்தேன். அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலின் 2024 சீசன் ஃபைனலில், அட்லாண்டாவில் ஒஹையோ ஸ்டேட் 34-23 என்று நோட்டர்டேமைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிய கையோடு, "உங்க இண்டியானா இதுல எங்கேம்மா?" என்று ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்து அனுப்பியிருந்தாய். ஃபோனில் பதில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு ஒத்து ஊதுவார், அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் வாயைத் திற.

எங்கே என்று கேட்டாயே, அந்த ராத்திரி மைதானத்தில் நின்ற இரண்டு டீம்களைத் தவிர வேறு யாராலும் எங்கள் ஊர் யுனிவர்சிட்டி டீமை இந்த சீசனில் அசைக்க முடியவில்லை. 13 ஆட்டம், 11 வெற்றி, 2 தோல்வி. ஒன்று நவம்பர் 23 அன்று ஒஹையோ ஸ்டேட்டிடம், இன்னொன்று டிசம்பர் 20 அன்று நோட்டர்டேமிடம். ஃபைனல் ஆடிய இரண்டு பேரிடமும் அவர்கள் ஊருக்கே போய்த் தோற்றோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நீ அடுத்து என்ன சொல்வாய் என்பதும் தெரியும். டிசம்பர் முழுக்க டிவியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சொன்னதுதான். "யாரை ஜெயிச்சீங்க? எல்லாம் நோஞ்சான் டீம்."

சரி, அந்த நோஞ்சான் டீம்களைப் பற்றியே பேசுவோம். இண்டியானா 1887ஆம் வருஷத்திலிருந்து ஃபுட்பால் ஆடுகிறது. பெரிய டிவிஷனில் 2024 வரைக்கும் அதிகம் தோற்ற டீம் எது என்று கேட்டால் அது நாங்கள்தான், எழுநூறுக்கும் மேல். ஒரு சீசனில் பத்து ஆட்டம் ஜெயித்தது என்பது இந்த வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவைகூடக் கிடையாது. 1967இல் ஒன்பது ஜெயித்து ரோஸ் பௌல் என்கிற சீசன் முடிவு ஆட்டத்துக்குப் போனதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார்கள். இந்த சீசன் வரைக்கும் கடைசியாக அப்படி ஒரு பௌல் ஆட்டத்தில் ஜெயித்தது 1991இல், நீ பிறக்கவே இல்லை. போன சீசன் 3-9, மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. கோச் டாம் ஆலனை அனுப்புவதற்கே 15.5 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். இந்த நோஞ்சான் டீம் என்கிறாயே, அவர்கள்தான் வருஷா வருஷம் நம்மை மிதித்துவிட்டுப் போனவர்கள். மேரிலாண்ட், நார்த்வெஸ்டர்ன், மிஷிகன் ஸ்டேட், எல்லாரும்தான். ஜெயிக்க வேண்டியவர்களை ஜெயிப்பது, அதுவும் மூச்சுவிட இடம் கொடுக்காமல் ஜெயிப்பது, எங்களுக்குத் தெரியாத ஒரே வித்தை. அதை ஒரு மனுஷன் வந்து ஒரே வருஷத்தில் கற்றுக்கொடுத்தார் என்பதுதான் இந்த சீசனே. நீ மற்றதையெல்லாம் பேசுகிறாய், இதை மட்டும் விட்டுவிடுகிறாய்.

அந்த மனுஷன், புதுக் கோச் சிக்னெட்டி, வந்த புதிதில் எனக்கும் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. வயது 62, முகத்தில் சிரிப்பே கிடையாது, வந்து கொஞ்ச நாளிலேயே பாஸ்கெட்பால் ஆட்டத்தின் நடுவில் மைக்கைப் பிடித்து நீ படித்த பர்டூவை ஒரு வார்த்தை, மிஷிகனையும் ஒஹையோ ஸ்டேட்டையும் சேர்த்து ஒரு வார்த்தை திட்டினார். அப்புறம் நிருபர்களிடம், நான் ஜெயிப்பேன், கூகிளில் தேடிப் பாருங்கள் என்றார். இந்த ஊரில் வாய்ச்சவடால் விட்டவர்கள் எத்தனை பேரைப் பார்த்தாயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருநாள் நிஜமாகவே கூகிளில் தேடிப் பார்த்தேன். ஆள் அலபாமாவில் நிக் சேபன் என்கிற பெரிய கோச்சிடம் உதவி கோச்சாக வசதியாக இருந்தவர், அதை விட்டுவிட்டுச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பென்சில்வேனியாவில் தன் அப்பா கோச்சாக இருந்த சின்னக் கல்லூரிக்குப் போயிருக்கிறார். அப்புறம் ஈலான், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன். தலைமைக் கோச்சாக எங்கேயுமே தோல்வி அதிகமான சீசன் ஒன்றுகூட இல்லை. வரும்போது ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பத்துக்கு மேற்பட்ட பையன்களையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். சாரட், ஃபிஷர், கமாரா, பாண்ட்ஸ். பெரிய கல்லூரி எதுவும் சீந்தாத பையன்கள்தான் முக்கால்வாசிப் பேர். ஐந்தடி ஒன்பது அங்குலம் இருக்கிற அந்த பாண்ட்ஸ் வாஷிங்டன் ஆட்டத்தில் பந்தைப் பறித்துக்கொண்டு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் வரைக்கும் ஓடினானே, உனக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குச் சியாட்டிலில் காலை ஒன்பது மணிக்கு எழுந்து உட்கார்ந்து பார்த்தவன் நீ. திங்கட்கிழமை ஆபீஸில் வாஷிங்டன் டீமின் ஹஸ்கீஸ் சட்டை போட்டுத் திரிகிறவர்கள் உன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று நீதானே சொன்னாய், அப்போது மட்டும் இண்டியானா உன் டீமாக இருந்ததாக்கும்.

அந்த வாஷிங்டன் ஆட்டத்துக்குத்தான் கேம்டே என்கிற டிவி நிகழ்ச்சிக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். லீ கோர்சோ வந்திருந்தார். நீ அவரை அந்த நிகழ்ச்சியில் தலையில் பொம்மை முகம் மாட்டிக்கொண்ட தாத்தாவாகத்தான் பார்த்திருப்பாய், அவர் 1973 முதல் 1982 வரைக்கும் இங்கேயே கோச்சாக இருந்தவர். 1976இல் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிராக 7-6 என்று முன்னால் வந்ததும் டைம்அவுட் கேட்டு, மொத்த டீமையும் ஸ்கோர்போர்டுக்கு முன்னால் நிறுத்தி ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தபோது 47-7, ஜெயித்தது அவர்கள். அந்தக் காலத்து இண்டியானா ரசிகனுக்குச் சந்தோஷம் அவ்வளவுதான், முன்னால் இருக்கும்போதே ஒரு ஃபோட்டோ.

எனக்குப் பக்கத்து சீட்டில் வருவாரே, தொப்பியில் சோள விதைக் கம்பெனி பெயர் போட்ட பெரியவர், அவர் 1967இல் மாணவராக இருந்தவர். முன்பெல்லாம் பாதி ஆட்டம் முடிந்ததும் எங்கள் வரிசையில் நான், அவர், அவர் மனைவி, ஒரு சின்னப் பையனும் அவன் பாப்கார்னும். மாணவர்கள் வெளியே புல்வெளியில் பீர் குடித்துக்கொண்டே நின்றுவிடுவார்கள், உள்ளே வரவே மாட்டார்கள். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து அடுத்த வாரச் சமையலைத் திட்டம் போடலாம். இந்த வருஷம் முழங்கால் இடிக்கிறது. நெப்ராஸ்கா ஆட்டத்தில் 56-7 ஆன பிறகும் ஆட்கள் எழுந்து போகவில்லை. பெரியவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார், சளி என்றார், நானும் சளி என்றே வைத்துக்கொண்டேன்.

அந்த ஆட்டத்தில்தான் டீமின் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் ரூர்க்குக்குப் பந்தெறிகிற கைக் கட்டைவிரல் உடைந்தது. வழக்கமான இண்டியானா என்றால் சீசன் அன்றோடு மூட்டை கட்டியிருக்கும். வாஷிங்டனை மாற்று ஆள் டேவன் ஜாக்சனை வைத்து 31-17 என்று முடித்தார்கள். அடுத்த வாரம் ரூர்க் கட்டைவிரல் ஆபரேஷன் முடிந்து வந்து நின்றான். மிஷிகன் ஸ்டேட்டில் முதலில் 10-0 என்று பின்னால் இருந்தோம், சீசனிலேயே பின்தங்கியது அதுதான் முதல் தடவை, எட்டு ஆட்டம் முழுக்க ஒரு நிமிஷம்கூடப் பின்னால் இல்லை. அப்புறம் வரிசையாக 47 பாயிண்ட், பதிலுக்கு ஒன்றும் இல்லை. இப்போது செய்தி வருகிறது, அவன் ஆகஸ்டிலேயே முழங்கால் லிகமென்ட் கிழிந்து அதோடேயே முழு சீசனும் ஆடியிருக்கிறான் என்று. படித்ததும் எனக்கு அவன் அம்மாவை நினைத்துத்தான் பகீரென்றது. நீ அப்படி ஏதாவது செய்தால் நான் விமானம் பிடித்து வந்து உதைப்பேன்.

இப்போது உன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் சப்பைக்கட்டு கட்டுகிறேன் என்று பேச்சு வரக் கூடாது. கொலம்பஸில் ஒஹையோ ஸ்டேட்டோடு ஆடியபோது, குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் தடுத்து நிற்க வேண்டிய நம் லைன்மேன்கள் நிற்கவே இல்லை. முதல் டச்டவுன் நம்முடையது, அதோடு சரி. ரூர்க்கை ஐந்து தடவை சாய்த்தார்கள், மொத்த ஆட்டத்துக்கும் நாம் முன்னேறியது 151 கெஜம். பன்ட் அடிக்கிற, அதாவது பந்தை எதிராளியிடம் உதைத்து விடுகிற, பையன் பந்தை நழுவவிட்டான், அடுத்த பாதியில் அவன் அடித்த பன்ட்டைப் பிடித்து காலெப் டௌன்ஸ் 79 கெஜம் ஓடிவிட்டான். ஆனால் அது டீமுக்குள் இருந்த ஓட்டை, அட்டவணையில் இருந்த ஓட்டை இல்லை. நோட்டர்டேமில் அதே ஓட்டை திரும்பவும். அதிலும் எனக்கு வயிறு எரிந்தது கோச் மேல்தான். நாம் பந்தைப் பறித்தோம், உடனே திருப்பிக் கொடுத்தோம், ஜெரமையா லவ் 98 கெஜம் ஓடினான், சரி, அது ஆட்டம். ஆனால் கடைசிக் குவார்ட்டரில் 20-3 என்று பின்னால் இருக்கும்போது, மைதானத்தின் நடுவில் பந்தை வைத்துக்கொண்டு, பன்ட்! கூகிளில் தேடச் சொன்ன மனுஷன் செய்கிற காரியமா அது? நான் கத்திய கத்தில் மாடியில் இருந்த உங்கப்பா இறங்கி வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். கடைசி இரண்டு நிமிஷத்தில் இரண்டு டச்டவுன் போட்டார்களே, அந்த வேகத்தைக் கொஞ்சம் முன்னால் காட்டியிருந்தால் என்ன? இதை நான் சிக்னெட்டிக்கு மன்னிக்கப்போவதில்லை. எட்டு வருஷ ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், மெதுவாகக் கோபித்துக்கொள்ளலாம்.

ஆனால் கோப்பைக்கான ப்ளேஆஃபில் "இவர்களை உள்ளே விட்டதே தப்பு, அலபாமாவை விட்டிருக்கணும்" என்று சொன்னார்கள் பார், அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த முதல் சுற்றில் நான்கு ஆட்டம். வெளியூரிலிருந்து போன நான்கு டீமும் தோற்றன. பென் ஸ்டேட் எஸ்எம்யூவை 38-10, டெக்சஸ் க்ளெம்சனை 38-24, ஒஹையோ ஸ்டேட் டென்னஸியை 42-17. நாங்கள் நோட்டர்டேமிடம் 27-17. இருப்பதிலேயே குறைந்த வித்தியாசம் எங்களுடையதுதான். டென்னஸி, அலபாமாவைப் போலவே அந்த எஸ்ஈசி லீக்கின் உயர்ந்த ஜாதி, ஒஹையோ ஸ்டேட்டிடம் 25 பாயிண்டில் தோற்றது, நாங்கள் தோற்றது 23இல். அந்த அலபாமாவோ பௌல் ஆட்டத்தில் மிஷிகனிடம் 19-13 என்று மண்ணைக் கவ்வியது. அந்த மிஷிகனை நவம்பரில் ஜெயித்தது யார்? 20-15. இரண்டாம் பாதியில் முழி பிதுங்கியது உண்மை, ஆனாலும் ஜெயித்தோம், நம் பத்தாவது வெற்றி அது. அதே மிஷிகன் மூன்று வாரம் கழித்துக் கொலம்பஸுக்குப் போய் ஒஹையோ ஸ்டேட்டையே 13-10 என்று சாய்த்தது. நோஞ்சானாம், நோஞ்சான்.

அப்புறம் நவம்பர் 30, உங்கள் பர்டூவோடு ஆட்டம். நீ அந்த ராத்திரி ஃபோனை எடுக்கவில்லை, சார்ஜ் இல்லை என்றாய். நம்பிவிட்டேன். நாலு வருஷம் பர்டூவுக்குக் கட்டணம் கட்டிய எனக்கு ஒன்று சொல்ல உரிமை இருக்கிறது: 66-0. ரூர்க் மட்டும் ஆறு டச்டவுன் எறிந்தான். மொத்தக் கணக்கில் பர்டூதான் முன்னால், மூன்று வருஷமாக, ஜெயிக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அந்த ஓக் மரவாளி உங்களிடம்தான் இருந்தது, எல்லாம் தெரியும். 2021இல் 44-7 என்று தோற்றபோது நீ வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தாய், அதையும் மறக்கவில்லை. உங்கள் பாஸ்கெட்பால் டீம் போன ஏப்ரலில் ஃபைனல் வரைக்கும் போனது என்று ஆரம்பிக்காதே, இங்கே பேச்சு ஃபுட்பால். 1-11 என்று முடித்து, மறுநாளே கோச்சை அனுப்பிவிட்டு நிற்கிறவர்கள், 11-2 என்று முடித்தவர்களிடம் யாரை ஜெயித்தீர்கள் என்று கேட்கிறீர்கள். உங்களையும்தான் ஜெயித்தோம், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீயே சொல்.

வருகிற 2025 சீசன் இதைவிடக் கஷ்டம். ஆரிகனுக்கும் பென் ஸ்டேட்டுக்கும் நாம்தான் போக வேண்டும். ரூர்க் போய்விட்டான். கலிஃபோர்னியாவிலிருந்து மெண்டோசா என்று ஒரு குவார்ட்டர்பேக் வருகிறான், அவன் தம்பி ஏற்கெனவே இங்கே இருக்கிறான். லைன்மேன்களை மாற்றாமல் அவனையும் அடிவாங்கவிட்டால் நான் கோச்சுக்கே நேரில் எழுதுவேன். எட்டு வெற்றி வந்தாலும் எனக்குப் போதும். ஆனால் இதைப் பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில், இனிமேல் எட்டு இந்த ஊரில் யாருக்கும் போதாது என்று தெரிந்துவிட்டது.

இந்தத் தடவை வாளி ஆட்டம் உங்கள் வெஸ்ட் லாஃபயட்டில், நவம்பர் கடைசியில். தேங்க்ஸ்கிவிங்குக்கு எப்படியும் வருகிறாய், இரண்டு நாள் சேர்த்து லீவு போடு. பழைய மாணவனுக்கு டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும் என்று சொன்னாயே, மூன்று எடு, எனக்கு மைதானத்தின் நடுப் பக்கம். நான் சிவப்புச் சட்டையில்தான் வருவேன், உங்கள் ஆட்களுக்கு நடுவில் உட்கார வைத்தாலும் சரி. புளியோதரை நான் கட்டிக்கொண்டு வருகிறேன், காருக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். உங்கப்பா கிரிக்கெட் இல்லாத நாளாகப் பார்த்து வைக்கச் சொல்கிறார், அதை நீயே அவரிடம் பேசிக்கொள்.

அம்மா